நூறு நாள் வேலை: 336 ரூபாய் கூலி 250 ஆவது எந்த இடத்தில்?

கணக்குப்பிள்ளை
2025-26க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். முந்தின வருடம் 319, அதற்கு முன் 294. ஆனால் கணக்கில் ஏறுவது ஊருக்கு ஊர் வேறு. ஒரு ஊராட்சியில் முழுசாக வருகிறது, பக்கத்து ஊராட்சியில் 250ஐத் தாண்டுவதில்லை. கேட்டால் "அளவு வரலம்மா" என்று ஒரே பதில்தான். அளவு என்றால் என்ன, யார் எடுக்கிறார்கள், எந்த இடத்தில் குறைகிறது? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன, இங்கே வேண்டாம்.

மதகடி
முதலில் அடிப்படை. மண் வேலையில் கூலி வருவது வெட்டிய கன மீட்டரை வைத்து. 8 மணி நேரம், அதில் 1 மணி நேரம் ஓய்வு போக, சாதாரணமாக உழைக்கும் ஒருவர் வெட்டும் மண்ணுக்கு முழுக்கூலி வரும்படி விலை விகிதம் அமைய வேண்டும் என்று நூறு நாள் வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. நடைமுறையில் 336 உச்சவரம்பு மாதிரி ஆகிவிட்டது. குறைய வெட்டினால் குறையும், கூட வெட்டினால் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பிட்ட வகை மண்ணுக்குக் கன மீட்டருக்கு 240 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (கணக்குக்காக எடுத்த எண், உங்கள் வேலையின் எஸ்டிமேட்டில் உள்ளதைப் பாருங்கள்). 336ஐ 240ஆல் வகுத்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 1.4 கன மீட்டர். பத்துப் பேர், ஆறு நாள் என்றால் 84 கன மீட்டர் வெட்டியிருக்க வேண்டும். ஓவர்சியர் வந்து டேப் பிடித்தால் 63தான் இருக்கிறது. எம்-புக்கில் (அளவுப் புத்தகம்) 63 ஏறும், அதன் மதிப்பு 15,120 ரூபாய், அதை 60 ஆள்நாளால் (பத்துப் பேர், ஆறு நாள்) வகுத்தால் தலைக்கு 252. நீங்கள் கேட்ட 250 இப்படித்தான் வருகிறது.

இனி அந்த 63 உண்மையிலேயே 63தானா என்ற கேள்வி. மூன்று இடத்தில் குறையும்.

மண் வகை. ஏரிக்குள் மேலே ஒரு அடி வண்டல், கீழே இறுகிய களி அல்லது சரளை. விலைப் பட்டியலில் இவற்றுக்குத் தனித்தனி விகிதம். எஸ்டிமேட் போடும்போது மேலோட்டமாகப் பார்த்து எல்லாவற்றையும் சாதாரண மண் என்று எழுதிவிட்டால், கோடையில் கடப்பாரை போட்டு உடைக்கிற களிக்கும் வண்டல் விலைதான்.

அடுத்தது தூரமும் உயரமும். அடிப்படை விலையில் மண்ணைக் கொஞ்ச தூரம் தள்ளிப் போடுவதும் கொஞ்சம் மேலே ஏற்றுவதும் மட்டும் அடங்கும். அதற்கு மேல் லீட் (தூரம்), லிப்ட் (உயரம்) என்று தனியே சேர்க்க வேண்டும். நடு ஏரியில் வெட்டிச் சட்டியில் சுமந்து கரைமேல் கொட்டும் பெண்களுக்கு நேரத்தில் பாதி நடையிலேயே போய்விடும். எம்-புக்கில் லீட் விட்டுப்போனால் அந்த நடைக்குக் காசில்லை.

மூன்றாவது, அளக்கும் விதம். வெட்டிய பள்ளத்தைத்தான் அளக்க வேண்டும், கொட்டிய குவியலை அல்ல. உதிரி மண் ஊதித் தெரியும், கால் பங்குகூடக் கூடலாம். பள்ளத்தில் ஆழம் தெரிய வேண்டுமானால் நடுநடுவே வெட்டாமல் மண் திட்டு விட்டு வைக்க வேண்டும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒரு திட்டு போதாது. திட்டு இல்லாத பள்ளத்தில் ஓவர்சியர் ஓரத்து ஆழத்தைப் பிடித்து எழுதுவார். ஓரம் எப்போதும் ஆழம் குறைவு.

சட்டிமண்
மதகடி அண்ணா சொன்ன மூணுக்கும் முன்னால ஒண்ணு இருக்கு. காலையில அளந்து குடுக்கறதே இல்ல. "அங்க போய் வெட்டுங்க" அப்படின்னு கையைக் காட்டிட்டுப் போயிடறாங்க. வாரக் கடைசியில வந்து குறையுதுன்னு சொன்னா யார் என்ன பண்ண முடியும்?

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஐந்து ஐந்து பேராப் பிரிக்கணும். மேல உள்ள கணக்குப்படி ஐந்து பேருக்கு 7 கன மீட்டர். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம் வெட்டினா 7.2 வந்துடும். டேப் பிடிச்சு நாலு மூலையில முளை அடிச்சு, கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டா அரை மணி நேரத்துல முப்பது நாப்பது பேருக்குக் கட்டம் போட்டுடலாம். ஆழத்துக்கு ஒரு குச்சியில 30 செ.மீ.ல கோடு போட்டு ஒவ்வொரு குழுவுக்கும் குடுத்தா போதும். தங்கள் கட்டம் முடிஞ்சுதா இல்லையான்னு மத்தியானமே அவங்களுக்கே தெரியும்.

இதுல இன்னொரு லாபம். மொத்த என்.எம்.ஆருக்கும் (வருகைப்பதிவுப் பட்டியல்) ஒரே அளவு எடுத்தா, நல்லா வெட்டினவங்க கூலியும் சேர்ந்து குறையும். அடுத்த வாரம் அவங்களும் மண்வெட்டியைச் சாய்ச்சு வெச்சிடுவாங்க. அதுக்கப்புறம் அந்தப் பணித்தளத்துல அளவு ஏறவே ஏறாது.

கணக்குப்பிள்ளை
ஐந்து பேர் குழு என்றால் வயதானவர்களை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சட்டிமண்
சேர்த்துக்க மாட்டாங்க, அதான் உண்மை. வெட்டறவங்க ரெண்டு, சுமக்கறவங்க மூணுன்னு பணித்தளப் பொறுப்பாளரே பிரிச்சுப் போடணும். மாற்றுத்திறனாளிகளைக் குழுவுல சேர்க்க வேண்டாம். தமிழ்நாட்டுல அவங்களுக்குப் பாதி அளவு வேலைக்கு முழுக்கூலி. அவங்க பேரைச் சேர்த்து வகுத்தா மத்தவங்க கூலியும் குறையும், அவங்களுக்கும் குறையும். தண்ணி குடுக்கறது, குழந்தைகளைப் பார்த்துக்கறது எல்லாம் சட்டத்துல உள்ள வேலைதான். சின்னக் குழந்தைங்க அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வந்தா, பார்த்துக்க ஒருத்தரை வெச்சு அவங்களுக்கும் அதே கூலி குடுக்கணும்.

வெள்ளைத்தாள்
அளவை மட்டுமே பேசுகிறீர்கள். எனக்கு இந்த முறையிலேயே உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் ஆள்நாட்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் பெண்கள். பெரும்பாலோர் நடுத்தர வயது தாண்டியவர்கள். அந்த உடம்புக்கு ஏற்ற விகிதம் வேண்டாமா? பெண்களுக்கும் முதியவர்களுக்கும் தனி விகிதம் வகுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. வேலை நேரத்தைக் கணக்கெடுத்து, எந்த மண்ணில் எவ்வளவு வெட்ட முடிகிறது என்று பார்த்து, அதை வைத்து விலைப் பட்டியலைத் திருத்த வேண்டியது மாநில அரசு. 2025 ஏப்ரலில் கூலி 319இலிருந்து 336க்கு ஏறியபோது விலை விகிதமும் அதற்கேற்ப ஏறியிருக்க வேண்டும். விகிதம் பழையபடி நின்றால், 17 ரூபாய் அதிகம் வாங்க அதிக மண் வெட்ட வேண்டும் என்றுதானே அர்த்தம்?

மதகடி
கடைசியில் சொன்னது முழுக்கச் சரி. ஏப்ரல், மே மாதங்களில் கூலி திடீரென்று குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். நடப்பு வேலையின் எஸ்டிமேட் பழைய விகிதத்தில் போட்டதா, புதுசா? பழையது என்றால் திருத்திய எஸ்டிமேட் கேட்க வேண்டும்.

ஆனால் அளவே வேண்டாம், ஆளைப் பார்த்துக் கூலி போடு என்றால் ஒப்பமாட்டேன். பொக்லைன் நுழைவது அந்த வழியில்தான். ஆட்கள் மர நிழலில், ராத்திரி ஒரு மணி நேரம் பொக்லைன், மறுநாள் எம்-புக்கில் முழு அளவு. ஒப்பந்ததாரரும் கூடாது, ஆள் வேலையைப் பறிக்கும் இயந்திரமும் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. மண்வெட்டி வெட்டிய பள்ளம் படிப்படியாக இறங்கும், சட்டி தூக்கி ஏறிய தடம் இருக்கும். பொக்லைன் வெட்டியதில் பக்கச் சுவரில் வாளிப் பல் இழுத்த கோடு வரிசையாகத் தெரியும், மண் ஒரே இடத்தில் பெரிய குவியலாகக் கிடக்கும். சமூகத் தணிக்கைக்கு (வேலையையும் கணக்கையும் ஊரார் முன் சரிபார்ப்பது) வருபவர்கள் மழைக்கு முன் வந்தால் இதெல்லாம் அப்படியே இருக்கும்.

சிட்டா அடங்கல்
ஏரி வேலை என்று வருடா வருடம் ஒரே ஏரியைச் சுரண்டுவது பற்றியும் யாராவது எழுதுங்கள். பலன் தெரியவில்லையே.

மதகடி
எங்கே வெட்டுகிறோம், எங்கே கொட்டுகிறோம் என்பதில் இருக்கிறது. வெட்டிய மண்ணை நீர்ப்பரப்புக்குள்ளேயே வரப்பு மாதிரி போட்டால் முதல் மழையில் பள்ளத்துக்கே திரும்பிவிடும். அளவும் வந்தாயிற்று, கூலியும் வந்தாயிற்று, ஏரி பழையபடி. கரையின் அடியை ஒட்டி வெட்டுவது அதைவிட ஆபத்து. மண் எடுக்கக் கிட்டே, கரைமேல் கொட்டக் கிட்டே என்று வசதியாக இருக்கும், ஆனால் கரை பலமிழந்து நீர் கசிய வழியாகும்.

மதகின் அடிமட்டத்தையும் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் போகாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அதுவும் தேவைதான். ஆனால் பாசனத்துக்கு என்று எழுதி அங்கே வெட்டினால் ஆயக்கட்டுதாரருக்கு (ஏரிப் பாசன விவசாயிகளுக்கு) ஒன்றும் கிடைக்காது. உண்மையில் பல ஊர்களில் ஏரியைவிட வரத்துக்கால்வாயில்தான் முதலில் கை வைக்க வேண்டும். கால்வாய் அடைந்த ஏரியை ஆழப்படுத்தி என்ன பயன்? ஆனால் கால்வாய் வேலையில் ஆட்கள் நீளமாகப் பரவி நிற்பார்கள், செல்போனில் எல்லோரையும் ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அதனாலேயே அதைத் தள்ளிப்போடும் ஊராட்சிகள் உண்டு.

ஒற்றைப்புள்ளி
படம் என்றதும் வந்தேன். 2023 ஜனவரி முதல் பொது வேலைகளில் வருகைப்பதிவு செல்போன் செயலியில்தான். காலை ஒரு படம், குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது படம். இரண்டில் ஒன்று ஏறாவிட்டால் அந்த நாள் போச்சு.

சிக்கல் வரும் இடங்கள்: அன்றைய என்.எம்.ஆரைச் செயலியில் இறக்காமலே பணித்தளத்துக்குப் போவது (அங்கே சிக்னல் இருக்காது, அப்புறம் இறக்கவும் முடியாது). சிக்னல் இல்லாமல் எடுத்த படம் போனிலேயே கிடக்கும், சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து ஏற்ற வேண்டும்; மறந்துவிட்டால் எல்லோருக்கும் விடுப்பு. பணித்தளப் பொறுப்பாளரின் போன் பழுதானாலும் இதே கதி. செயலி கைவிட்ட நாளுக்குக் கைப்பதிவை ஏற்க வழி இருக்கிறது, ஆனால் அதற்கு மேலே அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அன்றைக்கே, தேதியும் ஆட்கள் பெயரும் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். வாரம் முடிந்து என்.எம்.ஆர். மூடிய பிறகு போனால் யாரும் திறக்க மாட்டார்கள்.

படத்தால் மோசடி நின்றதா என்றால், 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமில்லாத படம் வருகிறது, ஒரே படம் பல என்.எம்.ஆரில் வருகிறது என்று. அதற்குத் தீர்வு? இன்னும் நாலு பேர் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை
சரி, அளவும் வந்தது, வருகையும் ஏறியது. பணம் வராத கேஸ்?

ஒற்றைப்புள்ளி
அது தனிக் கதை. 2024 ஜனவரி முதல் பணம் ஆதார் வழியாக மட்டும். ஜாப் கார்டில் எழுதியிருக்கும் வங்கிக் கணக்குக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். போகாது. உங்கள் ஆதார் எந்த வங்கியோடு கடைசியாக இணைக்கப்பட்டதோ அங்கே போகும். மகளிர் உரிமைத் தொகைக்கோ வேறு எதற்கோ புதுக் கணக்குத் திறந்து அங்கே இணைப்புக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், நூறு நாள் பணமும் அங்கே திரும்பிவிடும். சிம் கடையில் விரல் வைத்தபோது தெரியாமலே கணக்கு திறந்தவர்களும் இருக்கிறார்கள். பழைய பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிட்டு "வரல" என்பதற்கு முன், ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பாருங்கள். ஓடிபி வர ஆதாரில் செல் நம்பர் இருக்க வேண்டும். வங்கியின் பெயர்தான் காட்டும், கணக்கு எண் முழுசாகக் காட்டாது.

இங்கே ஒரு குழப்பம். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தால் அது அடையாளச் சான்று மட்டும். அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தனிப் படிவத்தில் ஒப்புதல் தர வேண்டும். "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று கவுண்டரில் சொல்வது பெரும்பாலும் முதலாவதை. இரண்டாவது ஆயிற்றா என்று தனியாகக் கேளுங்கள்.

நரேகா (நூறு நாள் திட்டம்) இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று உள்ளே போனால் ஜாப் கார்டு எண் வாரியாக எந்த என்.எம்.ஆரில் எத்தனை நாள், எவ்வளவு கூலி, பணம் போனதா என்று இருக்கும். ரிஜெக்டட் என்று இருந்தால் காரணமும் போட்டிருப்பார்கள். கணக்கு முடங்கியது, ஆதார் இணைப்பு இல்லை, இந்த மாதிரி. வங்கியில் சரிசெய்த பிறகு ஒன்றியத்திலிருந்து அந்தத் தொகையை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். பல பேர் வங்கியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

வெள்ளைத்தாள்
தாமத இழப்பீடு பற்றியும் சொல்லுங்கள். என்.எம்.ஆர். மூடி 15 நாளுக்குள் கூலி தர வேண்டும், 16ஆம் நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம். ஆறு நாள் முழுக்கூலி 2,016 ரூபாய். அதற்கு 0.05 சதவீதம் என்றால் ஒரு ரூபாய். ஒரு நாள் தாமதத்துக்கு ஒரே ஒரு ரூபாய்! அதிலும், மாநிலத்தில் பணப் பரிமாற்ற ஆணை போடும் வரை ஏற்படும் தாமதத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். அதன்பின் மத்திய அரசில் தங்கினால் கணக்கில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் 15 நாள் என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியும் நடைமுறை மாறவில்லை. 2024 கடைசியிலிருந்து சில மாதம் தமிழ்நாடு முழுக்கக் கூலி நின்றதே, அது இந்த இரண்டாம் கட்டத் தாமதம்தான்.

வேலையில்லாப் படியும் அப்படியே. வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கு, அதன்பின் பாதி. 336 ரூபாய் கூலிக்கு 84 ரூபாய், அப்புறம் 168. இதை மாநில அரசு தன் கையிலிருந்து தர வேண்டும் என்பதால், வேலை கேட்டதற்குத் தேதியிட்ட ரசீது கொடுக்காமல் தட்டிக்கழிப்பார்கள். ரசீது இல்லையென்றால் நீங்கள் வேலையே கேட்கவில்லை. வேலை கேட்கும் படிவம் 6ஐ எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள் என்று குழுவாக எழுதிக் கொடுங்கள். ஊராட்சிச் செயலர் வாங்க மறுத்தால் பி.டி.ஓ.வுக்கு (வட்டார வளர்ச்சி அலுவலர்) பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. அந்த அட்டையே ரசீது. அதற்கும் அசையாவிட்டால் மாவட்டக் குறைதீர்ப்பாளர்.

சிட்டா அடங்கல்
எல்லாம் சரி, விவசாயி பக்கமும் கேளுங்கள். நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் இல்லை. அந்த நேரத்தில் மட்டுமாவது நிறுத்தி வைக்கலாம் அல்லவா? புதுச் சட்டத்தில் அதற்கு வழி செய்திருக்கிறார்கள்.

வெள்ளைத்தாள்
நூறு நாள் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தைச் சொல்கிறீர்கள். ஆண்டுக்கு 125 நாள், விவசாய உச்ச காலத்தில் மொத்தம் 60 நாள் வரை நிறுத்தம், செலவில் நூற்றுக்கு மத்திய அரசுக்கு 60, மாநிலத்துக்கு 40. பழைய சட்டத்தில் கூலி முழுவதும் மத்திய அரசினுடையது, பொருட்செலவில் கால் பங்குதான் மாநிலத்துக்கு. 125ஐப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் அந்த 40ஐப் பாருங்கள்.

நிறுத்தத்துக்கு வருகிறேன். டெல்டாவில் நடவு பெரும்பாலும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது, அறுப்பு எப்போதோ மாறியது. மாறிய ஊரில் 60 நாள் நிறுத்தினால் நிலமில்லாத பெண்ணுக்கு வயலிலும் வேலை இல்லை, ஏரியிலும் இல்லை. ஆள் தேவைப்படுவது மலைப்பயிர், காய்கறி, பருத்தி உள்ள ஊர்களில். அங்கேயும் எந்த வாரம் என்பது ஊருக்கு ஊர் வேறு. மாவட்டம் முழுக்க ஒரே தேதி போட்டால் யாருக்கும் உதவாது.

சட்டிமண்
சிட்டா அண்ணே, பழைய சட்டத்துலயே வழி இருந்துதே. அக்டோபர் 2 கிராம சபையில அடுத்த வருஷத்துக்கான வேலைப் பட்டியலும், எந்த மாசம் எத்தனை பேர் வேலை கேப்பாங்கங்கற கணக்கும் வெச்சு ஒப்புதல் வாங்கணும். விவசாயிங்க அன்னைக்கு வந்து, இந்த மாசம் வேண்டாம், மாசி முதல் வைகாசி வரை வைங்கன்னு தீர்மானம் போட்டிருக்கலாம். ஏரி காய்ஞ்சு கிடக்கறதும் அப்பத்தானே. யாரும் வர்றதில்ல, செயலர் போன வருஷப் பட்டியலையே தேதி மாத்தி வாசிச்சுட்டுப் போறார்.

சிட்டா அடங்கல்
வராதது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு சந்தேகம். சிறு விவசாயி நிலத்தில் பண்ணைக்குட்டை இந்தத் திட்டத்தில் வெட்டலாம் அல்லவா? 10க்கு 10 மீட்டர், ஆழம் ஒன்றரை என்று போர்டு. 150 கன மீட்டர் வர வேண்டும், எம்-புக்கில் 110கூட இல்லை என்கிறார்கள். நாற்பது எங்கே போனது?

மதகடி
எங்கேயும் போகவில்லை. குட்டையின் பக்கம் செங்குத்தாக இருந்தால் முதல் மழையில் சரியும், அதனால் சரிவு விட்டுத்தான் வெட்டுவார்கள். சரிவு 1க்கு 1 என்றால் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மீட்டர் உள்வாங்கும், அடி 7க்கு 7 ஆகிவிடும். மேல் பரப்பு 100, அடி 49, நடு ஆழத்தில் 8.5க்கு 8.5, அதாவது 72.25. நடுவை நான்கால் பெருக்கி மூன்றையும் கூட்டினால் 438, அதை ஆழத்தால் பெருக்கி 6ஆல் வகுத்தால் 109.5 கன மீட்டர். எம்-புக் சரி.

150 என்று நினைத்து ஆட்களிடம் நாள் கணக்குச் சொல்லியிருந்தால்தான் தகராறு வரும். 1.4 வீதம் பார்த்தால் இது சுமார் 78 ஆள்நாள் வேலை, 107 அல்ல. போர்டில் மேல் அளவு மட்டும் எழுதாமல் அடி அளவையும் சரிவையும் எழுதச் சொல்லுங்கள். வெட்டிய மண்ணைக் குட்டையின் விளிம்பிலேயே குவிக்க விடாதீர்கள், ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்டட்டும்.